லைற் எரிந்தால் போதுமா?

மீளக்குடியேறிய வீட்டுக்குக் கரண்ட் வரும் நாள் எப்படியிருக்கும் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். வயர்மன் பெட்டியைப் பூட்டி, மெயின் சுவிச்சைத் தள்ளுவார். பிள்ளைகள் ஒவ்வோர் அறையாக ஓடி ஓடிச் சுவிச்சைப் போடுவார்கள். லைற் எரியும். அயலவர் வந்து பார்ப்பார்கள், தேநீர் ஊற்றப்படும், வயர்மனுக்குப் பணம் கொடுக்கப்படும். அதற்குப் பிறகு எவரும் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. 2012இல் எங்கள் வீட்டுக்குக் கரண்ட் வந்தபோது நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டிய அந்த ஒரு கேள்வியைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

எங்கள் வீடு கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு கமக்காரக் கிராமத்தில் இருக்கிறது. 1983இல் கட்டியபோதே சுவருக்குள் குழாய் வைத்து வயரிங் செய்தோம். 1990இல் வடக்குக்கான மின்சாரம் நின்றபின் அந்த வயர்களுக்குள் கரண்ட் ஓடியதில்லை. குப்பி விளக்கோடு வாழ்ந்தோம். பின்னர் ஓடினோம், திரும்பினோம், 2008இல் மறுபடி ஓடினோம். 2010இல் முகாமிலிருந்து வந்து பார்த்தபோது கூரை இல்லை. சுவர்கள் நின்றன. சுவருக்குள் வயர் இருக்கிறதே, அந்தச் செலவாவது மிச்சம் என்று எனக்கு ஒரு சின்ன மகிழ்ச்சி. வயர்மன் தம்பியும் அதையே சொன்னார். பழைய வயர் மொத்தமான செம்புக் கம்பி, இப்போது இப்படிக் கிடைக்காது என்றார். புதுப் பெட்டி, புது டிறிப் சுவிச், புதுச் சுவிச்சுகள், பழைய வயர் என்று வேலை முடிந்தது.

கார்த்திகை மழை தொடங்கி ஒரு கிழமை இருக்கும். மாமி குசினிச் சுவரில் கைவைத்துவிட்டு, "தம்பி, உந்தச் சுவர் கடிக்குது" என்றார். வயது போனவர், கை விறைத்திருக்கும் என்று நினைத்தேன். அன்றிரவே டிறிப் சுவிச் விழுந்தது. தூக்கிவிட்டால் சிறிது நேரம் நிற்கும், பிறகு விழும். மழை விட்டு வெயில் எறித்தால் நாள் முழுக்க நிற்கும். வயர்மனைக் கூப்பிட்டேன். அவர் வந்து பார்த்துவிட்டு, "டிறிப் பழுது அண்ணை, மாற்றும்வரைக்கும் நேரடியாகக் கட்டிவிடுகிறன்" என்றார். கட்டியும் விட்டார். "சுவர் கடிக்குது என்கிறாவே" என்று கேட்டேன். "லைற் எரியுதுதானே அண்ணை, பிறகென்ன?" என்றார். அவரை நான் இன்றும் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். எங்கள் ஊரில் அந்த நாட்களில் வயர்மன்மார் ஒரு நாளைக்கு மூன்று வீடு செய்தார்கள். அவர்களுக்கு எவரும் ஒரு கருவி வாங்கிக் கொடுக்கவுமில்லை, பாவிக்கப் பழக்கவுமில்லை.

எனக்கு மனம் கேட்கவில்லை. தொழிற்சாலையொன்றில் மின்சாரப் பகுதியில் வேலைசெய்து ஓய்வுபெற்ற ஓர் அண்ணர் அடுத்த ஊரில் இருந்தார். விடயத்தைக் கேட்டதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "மெயினை நிற்பாட்டு. நான் வரும்வரைக்கும் போடாதே." சைக்கிள் கரியரில் ஒரு கனத்த பெட்டியைக் கட்டிக்கொண்டு மழைக்குள் வந்தார். அதுதான் மெகர். ஒரு பக்கத்தில் கைபிடி, மேலே முள்ளுள்ள ஒரு முகப்பு, இரண்டு நீண்ட வயர்கள். இப்போது பற்றரியில் வேலைசெய்யும் சிறிய கருவிகள் வந்துவிட்டன. செய்யும் வேலை ஒன்றுதான்.

அது என்ன செய்கிறது என்பதைத் தோட்டக்காரர் பாஷையில் சொல்கிறேன். தண்ணீர் மிசினின் டெலிவரி ஓஸ் பழசாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். சும்மா கையில் எடுத்துப் பார்த்தால் ஓட்டை தெரியாது. நுனியை இறுக்கி அடைத்து மிசினை ஓடவிட்டால் எங்கெங்கே கசிகிறது என்று தெரிந்துவிடும். மெகரும் அப்படித்தான். வயருக்குள்ளே இருக்கும் செம்பு கரண்டைக் கொண்டுபோகிறது. வெளியே இருக்கும் உறை கரண்டை வெளியே விடாமல் காக்கிறது. பள்ளிக்கூடப் புத்தகங்கள் அதைக் காவலி என்று சொல்லும். வீட்டுக் கரண்ட் 230 வோல்ற். மெகர் அதைவிடக் கூடிய 500 வோல்ற் அழுத்தத்தை, மிகச் சிறிய மின்னோட்டத்தோடு, வயருக்குள் கொடுத்து, உறைக்கு வெளியே எவ்வளவு கசிகிறது என்று பார்க்கிறது. கசிவு குறைவென்றால் தடை கூடுதலாகக் காட்டும். அந்தத் தடையைத்தான் மெகாஓம் என்ற கணக்கில் சொல்கிறார்கள். ஒரு மெகாஓம் என்றால் பத்து இலட்சம் ஓம்.

எத்தனை இருந்தால் நல்லது? எமது நாட்டு வயரிங் பெரும்பாலும் பிரித்தானிய விதிகளையே பின்பற்றி வந்தது. அந்த விதிகளில் முன்னர் அரை மெகாஓம் போதும் என்றிருந்தது. 2008 தொடக்கம் ஒரு மெகாஓமுக்குக் குறையக்கூடாது என்று ஆக்கினார்கள். இது ஆகக் குறைந்த எல்லை மட்டுமே. நல்ல புதிய வயர் நூறு, இருநூறு என்று காட்டும். புதிதாக வயர் இழுத்த வீட்டில் இரண்டோ மூன்றோ காட்டினால், எல்லையைத் தாண்டிவிட்டதே என்று திருப்திப்படாமல் எங்கோ ஒரு பிழை இருக்கிறதென்று தேடத்தான் வேண்டும்.

அண்ணர் மெயினை நிற்பாட்டி, எல்லா பல்புகளையும் கழற்றச் சொன்னார். பிளக்கில் கொழுவியிருந்த எல்லாவற்றையும் இழுக்கச் சொன்னார். சுவிச்சுகளை எல்லாம் போட்ட நிலையில் விடச் சொன்னார், இல்லாவிட்டால் சுவிச்சுக்கு அப்பாலுள்ள வயர் சோதனைக்குள் வராது. ஒரு பல்பை மறந்துவிட்டாலும் உயிர்க் கம்பியையும் நொதுமல் கம்பியையும் சோதிக்கும்போது முள் பூச்சியத்துக்கு ஓடிப் பொய்ப் பயம் காட்டும். 500 வோல்ற் பட்டால் பழுதாகும் பொருட்களும் உண்டு, டிறிப் சுவிச்சுகளில் சிலவும் அப்படியானவை. அவற்றைக் கழற்றிவிட்டே சோதிக்க வேண்டும். பிறகு உயிர்க் கம்பி, நொதுமல் கம்பி இரண்டையும் சேர்த்துப் பிடித்து, புவிக் கம்பிக்கு எதிராக மெகரைக் கொழுவி, கைபிடியை ஒரே வேகத்தில் சுற்றினார். முள் அசையமாட்டேன் என்று பூச்சியத்துக்குப் பக்கத்திலேயே நின்றது. 0.01 மெகாஓம்.

இலக்கம் சிறியது, அதன் பொருளோ பெரியது. 230 வோல்ற்றை பத்தாயிரம் ஓமால் பிரித்துப் பாருங்கள். 23 மில்லியம்பியர் வரும். ஒரு மனிதனின் கையினூடாக ஏறத்தாழ 10 மில்லியம்பியர் ஓடினாலே தசை இறுகிப் பிடித்ததை விடமுடியாமற் போகக்கூடும். 30 மில்லியம்பியர் என்று எழுதிய டிறிப் சுவிச் இருபதுக்கும் முப்பதுக்கும் இடையிலேயே விழவும் கூடும். எங்கள் டிறிப் பழுதாகவில்லை. அது கத்திக் கத்திச் சொன்னதை நாங்கள்தான் வாயைக் கட்டிவிட்டோம். ஒரு மெகாஓம் இருந்திருந்தால் கசிவு கால் மில்லியம்பியருக்கும் குறைவு. இன்னொரு கணக்கையும் அண்ணர் போட்டுக் காட்டினார். 23 மில்லியம்பியர் இரவு பகலாகக் கசிந்தால் மாதத்துக்கு ஏறத்தாழ 4 யூனிற். சுவருக்குக் கொடுத்த கரண்டுக்கும் நாங்கள்தான் காசு கட்டுகிறோம்.

பெட்டியில் ஒவ்வொரு வயராகப் பிரித்து மறுபடி சுற்றினார். குசினி வயரைக் கழற்றியதும் மற்றவை எல்லாம் சேர்ந்து 8 மெகாஓம் காட்டின. அத்தனை பழைய வயருக்கு அது மோசமில்லை. குசினிச் சுவரில் ஓரிடத்தில் பூச்சு வீங்கியிருந்தது. கொத்திப் பார்த்தோம். ஒரு பழைய ஆணி. தலை உடைந்து பூச்சுக்குள் மறைந்திருந்தது. அது குழாயைத் துளைத்து, சிவப்பு வயரின் உறையைக் கிழித்து, பச்சை வயரின் உறையிலும் கீறியிருந்தது. வெயில் காலத்தில் சும்மா இருந்தது. மழையில் சுவர் ஊறியதும் துருவும் ஈரமும் சேர்ந்து பாலம் போட்டுவிட்டன.

அந்த ஆணியை யார் அடித்தது என்று எனக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன். 1995 ஒக்ரோபரில் வலிகாமத்திலிருந்து வெளிக்கிட்ட சனத்தில் நான்கு குடும்பங்கள் 1996இல் எங்கள் வீட்டில் இருந்தன. குசினிக்குள் ஒரு குடும்பம். சுவரில் ஆணி அடித்து அரிக்கன் லாம்பைக் கொழுவியிருந்தார்கள். அவர்களை நான் குறைசொல்லேன். 2009இல் நாங்களும் யாரோ ஒருவருடைய சுவரில் ஆணி அடித்துத் தறப்பாள் கட்டியவர்கள்தாம். அந்த வீட்டுக்காரர் திரும்பி வந்தாரோ, கரண்ட் எடுத்தாரோ தெரியாது.

எனது கருத்தின் அடி இங்கேதான் இருக்கிறது. எங்கள் வீடுகள் மற்ற வீடுகளைப் போன்றவையல்ல. கொழும்பிலோ கண்டியிலோ ஒருவர் முப்பது வருடம் இருந்த வீட்டின் வயரிங்குக்கு அவர் சாட்சி. எந்தச் சுவரில் எப்போது ஆணி அடித்தோம் என்று அவருக்குத் தெரியும். எங்கள் சுவர்களுக்கு நாங்கள் சாட்சியல்ல. நாங்கள் இல்லாத காலத்தில் கூரையில்லாமல் எத்தனை மாரி நனைந்தன, எலி எங்கே உறையைக் கடித்தது, கறையான் எந்தக் குழாய்க்குள் மண் கட்டியது, செம்புக்காக வயரை இழுத்து அறுத்தவர்கள் எந்த மூலையில் துண்டை விட்டுவிட்டுப் போனார்கள், எந்தச் செல் துண்டு எந்தப் பூச்சுக்குள் இருக்கிறது? பூசி வெள்ளை அடித்தபின் ஒன்றும் தெரியாது. கண்ணால் பார்க்க முடியாததை அறிய எங்களிடம் உள்ள ஒரே வழி அந்தச் சோதனை. ஆகவே மீள்குடியேறிய வீடுகளுக்கு அது மற்றவர்களுக்கு இருப்பதிலும் பார்க்க அவசியம். நடைமுறையிலோ எங்களுக்குத்தான் அது கிடைப்பதில்லை.

டிறிப் சுவிச் இருக்கிறதே, பிறகேன் இது என்று பலர் கேட்கிறார்கள். டிறிப் உயிரைக் காக்கும் நல்ல பொருள். அதைக் கழற்றிவிட்டு வாழ்வது கிணற்றுக் கட்டை இடித்துவிட்டு வாழ்வதைப் போன்றது. ஆனால் அது நிலத்துக்குக் கசியும் கரண்டை மட்டுமே உணரும். சிவப்பு வயரின் உறையும் கறுப்பு வயரின் உறையும் கெட்டு ஒன்றுக்கொன்று கசிந்து சூடேறினால் டிறிப்புக்கு அது தெரியவே தெரியாது. ஓலைக் கூரையோடு முட்டிக்கொண்டிருக்கும் வயரில் அப்படி நடந்தால் என்னவாகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. மெகர் அந்த இரண்டு வயருக்கும் இடையிலுள்ள நிலையையும் சொல்லும்.

இன்னொரு எதிர்ப்பு நியாயமானது. இத்தனை வருடம் இருட்டில் இருந்த குடும்பத்திடம், சோதனை சரிவராவிட்டால் கரண்ட் இல்லை என்று சொல்வதா, பிள்ளைகள் இன்னும் எத்தனை நாள் குப்பி விளக்கில் படிப்பது என்று ஒரு தாய் சங்கக் கூட்டத்தில் என்னைக் கேட்டார். அவர் கேட்டது சரி. நான் கேட்பது முழு வீட்டையும் இருட்டில் வைக்கச் சொல்லி அல்ல. பழுதான பகுதியைக் கழற்றி வைத்துவிட்டு நல்ல பகுதிக்குக் கரண்ட் கொடுங்கள். எங்கள் குசினி மூன்று மாதம் அரிக்கன் லாம்போடுதான் இருந்தது. மண்டபத்தில் லைற் எரிந்தது. மாமிக்குக் கொஞ்சம் கோபம், அவ்வளவுதான்.

சோதனை எப்போது செய்வது என்பதிலும் எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. வேலை முடிந்த கையோடு, பெரும்பாலும் ஆடி ஆவணி வெயிலில், சோதித்துவிட்டுப் போகிறார்கள். காய்ந்த சுவர் நல்ல இலக்கத்தைக் காட்டும். எங்கள் ஆணியும் ஆவணியில் அகப்பட்டிருக்காது. பழைய வயரை வைத்துக் கட்டிய வீடென்றால் கார்த்திகை மார்கழியில், சுவர் நன்றாக ஊறிய நாளில், இன்னொரு தடவை சுற்றிப் பார்க்க வேண்டும். 2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கங்களில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தவர்கள், சேறு வற்றியதும் மெயினைப் போட்டுப் பார்த்தார்கள். அப்படிச் செய்யக்கூடாது. பிளக் பெட்டிகளைத் திறந்து கழுவிக் காயவைத்து, சோதித்த பின்னரே போட வேண்டும்.

கிணற்றடி மோட்டரையும் மறக்கக்கூடாது. ஈரநிலத்தில் வெறுங்காலோடு நின்று நாங்கள் தொடும் பொருள் அது. வருடக்கணக்காகக் கொட்டிலில் கிடந்த மோட்டரின் சுற்றுக் கம்பிகள் ஈரத்தைக் குடித்திருக்கும். கொழுவி ஓடவிட்டுப் பார்ப்போம் என்று அவசரப்பட்டால் ஒன்றில் மோட்டர் எரியும், அல்லது மோட்டரின் உடம்பிலேயே கரண்ட் ஏறும். முதலில் மெகர், குறைந்தால் வெயிலில் காயவைத்தல், பிறகும் மெகர். இறைப்பு ஒரு நாள் பிந்தினால் வெங்காயம் செத்துவிடாது.

இன்னும் உறவினர் வளவிலும் தற்காலிகக் கொட்டில்களிலும் இருப்பவர்களைப் பற்றி எழுதாமல் விடமுடியாது. பக்கத்து வீட்டிலிருந்து வேலிக்கு மேலால் மெல்லிய இரட்டை வயரை இழுத்து, மரத்தில் ஆணியால் தட்டி, ஒரு பல்பும் ஒரு பிளக்கும். அங்கே மீற்றரும் இல்லை, டிறிப்பும் இல்லை. யாருடைய வயர் என்று கேட்டால் யாருடையதுமல்ல. அதற்கு மெகர் சோதனை செய்வதைப் பற்றிப் பேசுவதே சிரிப்பாகப் படலாம். ஆனால் வெயிலில் வெடித்த உறையை மெகர் இல்லாமலே கண்ணால் காணலாம். அப்படியான வயரை மாற்றும் செலவை வீட்டுக்காரர் தலையில் மட்டும் போடாமல் இரு வீட்டாரும் பங்கிட வேண்டும். கரண்ட் கொடுக்கும் பக்கத்தில் ஒரு டிறிப் இருந்தாலே பாதிப் பயம் போய்விடும்.

வீடு கட்டித் தருபவர்களிடமும் கேட்க வேண்டியது உண்டு. இந்திய வீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபாய் கட்டங் கட்டமாகத் தரப்பட்டது. ஒவ்வொரு கட்டத்திலும் வேலையைப் பார்த்துவிட்டே அடுத்த பணம் வந்தது. அந்த வீடுகளை முடிக்கக் கடன்பட்டவர்கள் அநேகர். வயரிங் என்ற சொல் வரும்போது கையில் காசு தீர்ந்திருக்கும், மலிந்த வயரும் மலிந்த கையும் வரும். இனிமேல் எந்த நிறுவனம் வீடு கட்டித் தந்தாலும், கூரையையும் மலசலகூடத்தையும் பார்ப்பதுபோல மெகர் இலக்கத்தையும் கடைசிக் கட்டத்தில் பார்க்க வேண்டும். அதற்கான செலவு உதவிப் பணத்துக்குள் அடங்க வேண்டும். ஒரு சிறிய வீட்டைச் சோதிக்க அரை மணித்தியாலம் போதும். கிராம அபிவிருத்திச் சங்கங்கள் மருந்தடிக்கும் மிசின் வாங்கி வாடகைக்கு விடுவதைப் போல ஒரு மெகரை வாங்கி வைத்து, பயின்ற ஒருவரிடம் கொடுத்து, வீட்டுக்கு இவ்வளவென்று அறவிடலாம். பயின்றவர் என்று அழுத்திச் சொல்கிறேன். ஆசைக்குக் கைபிடியைச் சுற்றிப் பார்க்கும் பொருளல்ல அது. கடையில் வாங்கும் சிறிய மல்ரி மீற்றரும் இந்த வேலைக்கு உதவாது, அதன் பற்றரிக்கு உறையை அழுத்திப் பார்க்கும் வலு இல்லை.

வீட்டுக்காரராகிய நாங்கள் செய்யக்கூடியது சிறியது. வயர்மனுக்குக் கடைசிப் பணத்தைக் கொடுக்குமுன், "எத்தனை மெகாஓம் காட்டியது தம்பி, எழுதித் தாங்கோ" என்று கேட்பது. கோபிப்பவரும் இருப்பார், மெகர் இல்லாமல் வந்தவராக அவர் இருக்கக்கூடும். இலக்கம் நன்றாக இருந்தாலும் அது முழுப் பாதுகாப்புக்குச் சான்றல்ல என்பதையும் தெரிந்திருக்க வேண்டும். புவிக் கம்பி கடைசிவரை தொடர்கிறதா, நிலத்தில் அடித்த எர்த் கம்பி எங்கள் காய்ந்த மணலில் வேலைசெய்கிறதா, சுவிச் சிவப்பு வயரில்தான் இருக்கிறதா என்பவற்றுக்கெல்லாம் வேறு சோதனைகள் உள்ளன.

எங்கள் மெயின் பெட்டியின் கதவுக்கு உட்புறத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. அண்ணர் தன் கையால் எழுதியது. மார்கழி 2012, குசினி 0.01, ஏனையவை 8. அதற்குக் கீழே பங்குனி 2013, குசினிக்குப் புது வயர் சுவருக்கு வெளியே குழாயில், 200க்கு மேல். 2018 வெள்ளத்துக்குப் பிறகு முழு வீடும் 0.4, பிளக் பெட்டிகள் இரண்டை மாற்றிக் காயவைத்தபின் 6. அண்ணர் இப்போது இல்லை. அவரிடம் பழகிய ஒரு பிள்ளை வந்து சுற்றிப் பார்த்துவிட்டு எழுதுகிறாள். பழைய வயரில் எஞ்சியிருப்பவற்றின் இலக்கம் வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து வருகிறது. மண்டபத்தையும் முன்னறையையும் வருகிற போக அறுவடையோடு மாற்ற வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள்.